நான்கே நாளில் ஓராண்டு

ஐப்பசி மழை விட்டு வானம் தெளிந்த ஓர் இரவில், ஒன்பது மணி வாக்கில் அண்ணாந்து பாருங்கள். உச்சிக்குச் சற்று வடக்கே நான்கு விண்மீன்கள் பெரிய சதுரமாக நிற்கும். மேற்குப் பக்கத்து இரண்டும் பூரட்டாதி, கிழக்குப் பக்கத்து இரண்டும் உத்திரட்டாதி. கிரேக்கர்கள் இந்தச் சதுரத்தைப் பெகாசஸ் என்ற சிறகுக் குதிரையின் உடலாகக் கண்டார்கள். பூரட்டாதியின் இரு விண்மீன்களையும் மனதுக்குள் ஒரு கோட்டால் இணைத்து, கோட்டின் நடுப்பகுதிக்குச் சற்றே மேற்கில் தேடுங்கள். தெருவிளக்கின் வெளிச்சம் எட்டாத ஊராக இருந்தால், மங்கலான ஒரு புள்ளி கண்ணுக்கு அகப்படும்.

அந்தப் புள்ளிதான் 51 பெகாசி. சூரியனைவிடப் பத்து சதவீத அளவுக்குக் கூடுதல் நிறை, ஏறக்குறைய அதே வெப்பம், வயதில் சூரியனுக்கு மூத்தது. நம்மிடமிருந்து 50 ஒளியாண்டுத் தொலைவு. 1995 வரை அது பட்டியலில் ஓர் எண். அந்த ஆண்டு அக்டோபர் 6 அன்று, இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் நடந்த மாநாடு ஒன்றில் ஜெனீவா வானாய்வகத்தின் மிஷேல் மேயோர் எழுந்து, இந்த விண்மீனை வியாழனைப் போன்ற ஒரு பெருங்கோள் சுற்றி வருவதாக அறிவித்தார். ஒரு சுற்றுக்கு அது எடுத்துக்கொள்ளும் காலம் 4 நாளும் ஐந்தரை மணி நேரமும். நம் வியாழன் சூரியனை ஒருமுறை சுற்றி முடிக்கக் கிட்டத்தட்ட 12 ஆண்டு ஆகும். சூரியனுக்கு மிக அருகில் ஓடும் புதனுக்கே 88 நாள் வேண்டும்.

சூரியனை ஒத்த ஒரு விண்மீனுக்குக் கோள் உண்டு என்று மனித குலம் உறுதியாக அறிந்துகொண்டது அப்போதுதான். அதன் பிறகு 30 ஆண்டில் கண்டறியப்பட்ட புறக்கோள்களின் எண்ணிக்கை 2025 செப்டம்பரில் 6,000-ஐத் தாண்டியது. அத்தனையிலும் என்னை விடாமல் இழுப்பது இந்த முதற்கோளின் கதைதான். இப்படி ஒரு கோள் இருக்கலாம் என்ற யோசனை 1952-லேயே அச்சில் வந்துவிட்டது. அதை அளக்கக்கூடிய நுட்பமான கருவி 1980-களிலேயே இயங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் கோள் காத்திருந்தது. சூரியக் குடும்பம் எப்படி அமைந்திருக்கிறதோ அப்படித்தான் பிற குடும்பங்களும் அமைந்திருக்கும் என்று, கேள்வியே கேட்காமல், தேடியவர்களில் பெரும்பாலோர் நம்பியிருந்தார்கள். அந்த நம்பிக்கை உடைந்த விதம்தான் இந்தக் கட்டுரை.

நுங்கம்பாக்கத்துக் கணக்கு

தேடலின் தொடக்கத்தில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி நுங்கம்பாக்கத்தில் 1792-ல் அமைத்த மதராஸ் வானாய்வகத்தின் பொறுப்பில் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இருந்தவர் கேப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப். 70 ஒஃபியூகி என்ற இரட்டை விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றும் பாதையை அவர் அளந்துவந்தார். கணக்கிட்ட இடத்துக்கும் கண்ட இடத்துக்கும் ஒரு சிறு வேறுபாடு தொடர்ந்து வந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் அங்கே இருந்து இழுப்பதால் இது நேரலாம் என்று அவர் 1855-ல் எழுதினார். லண்டன் ராயல் வானியல் கழகத்தின் இதழில் அது வெளியானது. மற்றொரு விண்மீனுக்குக் கோள் இருப்பதாக அளவீடுகளைச் சான்று காட்டி அறிவியல் இதழில் வாதிட்ட மிகப் பழைய முயற்சிகளில் ஒன்று அது.

ஜேக்கப் சொன்ன கோள் அங்கே இல்லை. 1890-களில் அமெரிக்கரான தாமஸ் ஜெஃபர்சன் ஜாக்சன் சீ அதே விண்மீனுக்கு வேறொரு துணையைக் கணக்கிட்டுச் சொன்னார். அவர் சொன்ன அமைப்பு நிலைத்து நிற்கவே முடியாது என்று ஃபாரஸ்ட் மோல்டன் 1899-ல் காட்டினார். ஆனாலும் ஜேக்கப்பின் வழிமுறை சரியானது. கோளை நேரே பார்க்க முடியாவிட்டாலும், அது தன் விண்மீனை அசைக்கும் அசைவைப் பார்க்கலாம் என்ற அடிப்படை அவரிடம் முழுமையாக இருந்தது. நுங்கம்பாக்கத்தில் அந்த இடத்தைக் கடந்து போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? நம் பாடநூல்களில் ஒரு பத்தி இவருக்குத் தரலாம்.

20-ஆம் நூற்றாண்டின் பெரிய ஏமாற்றம் பர்னார்டு விண்மீன். அமெரிக்காவின் ஸ்பிரவுல் வானாய்வகத்தில் பீட்டர் வான் டி காம்ப் 1938 முதல் அதைப் புகைப்படத் தகடுகளில் பதிவுசெய்துவந்தார். வியாழனைவிடக் கனமான ஒரு கோள் அதைச் சுற்றுவதாக 1963-ல் அறிவித்தார். பாடநூல்களில்கூட அது இடம்பெற்றது. பத்தாண்டு கழித்து, வேறு தொலைநோக்கியில் எடுத்த தகடுகளை அளந்த ஜார்ஜ் கேட்வுட்டும் ஹைன்ரிஷ் ஐக்ஹார்னும் அப்படி எந்த அசைவும் இல்லை என்று கண்டார்கள். ஸ்பிரவுல் தொலைநோக்கியின் வில்லையைப் பராமரிப்புக்காகக் கழற்றி மாட்டிய காலங்களோடு அந்த 'அசைவு' ஒத்துப்போனது. மற்ற விண்மீன்களும் அதே தேதிகளில் அதே போல் 'அசைந்திருந்தன'. வான் டி காம்ப் கடைசிவரை தன் கோளை நம்பினார். 1995 மே மாதம் இறந்துபோனார், ஃபுளோரன்ஸ் அறிவிப்புக்கு ஐந்து மாதம் முன்பு. அதே பர்னார்டு விண்மீனைப் பூமியைவிடச் சிறிய நான்கு கோள்கள் சுற்றுவது 2024, 2025-ஆம் ஆண்டுகளில் தெரியவந்தது. அவர் சொன்ன கோளுக்கும் இவற்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இத்தகைய சறுக்கல்களால் கோள் வேட்டைக்கே கெட்ட பெயர் வந்துவிட்டது. 1991-ல் ஆண்ட்ரூ லைன் குழுவினர் ஒரு பல்சாரைச் சுற்றும் கோளை அறிவித்து, பூமியின் ஓட்டத்துக்கான திருத்தத்தில் பிழை இருந்ததை அறிந்து, 1992 ஜனவரியில் தாமே முன்வந்து திரும்பப் பெற்றார்கள். அதே மாதம் அலெக்சாண்டர் வோல்ஸ்ஷானும் டேல் ஃப்ரெய்லும் மற்றொரு பல்சாரைச் சுற்றும் கோள்களை அறிவித்தார்கள். அவை உண்மையாக நிலைத்தன. என்றாலும் பல்சார் என்பது வெடித்து இறந்த விண்மீனின் எச்சம். சூரியனைப் போல ஒளிவீசும் ஒன்றுக்குக் கோள் உண்டா என்ற கேள்வி அப்படியே நின்றது.

இழுபடும் விண்மீன்

தாத்தா ஒருவர் பேரனின் இரு கைகளையும் பிடித்துத் தட்டாமாலை சுற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பேரன் பெரிய வட்டம் போடுவான். தாத்தாவும் நின்ற இடத்தில் நிற்க முடியாது, சற்றுப் பின்னால் சாய்ந்து சிறிய வட்டம் ஒன்று போடுவார். விண்மீனும் கோளும் இப்படித்தான். கோள் இருட்டில் மறைந்திருந்தாலும், விண்மீன் போடும் சிறு வட்டம் அதைக் காட்டிக்கொடுக்கும்.

அந்தச் சிறு வட்டத்தில் விண்மீன் நம்மை நோக்கி வரும்போது அதன் ஒளி அணுவளவு நீலப் பக்கம் நகரும், விலகும்போது சிவப்புப் பக்கம். ஒளியை நிறமாலையாக விரித்தால் அதில் ஆயிரக்கணக்கான கறுப்புக் கோடுகள் தெரியும். இரும்பு, கால்சியம், சோடியம் என்று விண்மீனின் வளிமண்டலத்தில் உள்ள தனிமங்கள் விட்ட தடங்கள் அவை. இந்தக் கோடுகள் இடம்பெயர்வதை அளந்தால் வேகம் கிடைக்கும். சிக்கல் அளவில்தான். வியாழனின் இழுப்பால் நம் சூரியன் அடையும் வேகம் நொடிக்கு 12.5 மீட்டர். பூமியின் இழுப்பால் வெறும் 9 சென்டிமீட்டர். ஒளியின் வேகமோ நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர்.

1952-ல் ஓட்டோ ஸ்ட்ரூவ என்ற வானியலாளர் சிறிய கட்டுரை ஒன்று எழுதினார். ரஷ்யப் பேரரசில் பிறந்து அமெரிக்காவில் பெயர் பெற்றவர். கோள்கள் ஏன் தம் விண்மீனுக்கு மிக மிக அருகில் இருக்கக்கூடாது என்று அவர் கேட்டார். வியாழன் அளவுள்ள கோள் ஒன்று சூரியனுக்கும் பூமிக்கும் இடைப்பட்ட தூரத்தில் ஐம்பதில் ஒரு பங்குத் தொலைவில் சுற்றினால் அதன் ஆண்டு ஒரே நாளில் முடியும், அதன் இழுப்பை அன்றைய கருவிகளாலேயே பிடித்துவிடலாம் என்றும் எழுதினார். அப்படிப்பட்ட கோள் விண்மீனின் முகத்தைக் கடக்கும்போது ஒளி குறைவதையும் பார்க்கலாம் என்று சேர்த்துக்கொண்டார். இன்றைய கோள் வேட்டையின் இரண்டு முக்கிய வழிகளும் அந்தச் சிறு கட்டுரைக்குள் இருக்கின்றன. யாரும் அதைக் கையில் எடுக்கவில்லை. பெரிய கோள் என்றால் தொலைவில், பனிக்கட்டி உறையும் குளிரில்தான் பிறக்க முடியும். வியாழனும் சனியும் அங்கேதான் இருக்கின்றன. ஆகவே பத்து, பன்னிரண்டு ஆண்டு பொறுமையாக அளந்தால்தான் எதுவும் தெரியும். இதுவே எல்லோரும் ஏற்றுக்கொண்ட வாதம்.

அந்தப் பொறுமையோடு உழைத்தவர்கள் கனடாவின் கார்டன் வாக்கரும் புரூஸ் கேம்ப்பெல்லும். ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற கொடிய நச்சு வாயுவைக் குழாயில் அடைத்து, விண்மீனின் ஒளியை அதன் வழியே செலுத்தி, வாயுவின் கோடுகளை அளவுகோலாகக் கொண்டார்கள். ஹவாயின் மௌனா கேயா மலைத் தொலைநோக்கியில் 1980 முதல் 12 ஆண்டு, 21 விண்மீன்கள். நொடிக்குப் பதினைந்து மீட்டருக்குள் துல்லியம். வியாழனைப் போன்ற கோள் எதுவும் இல்லை என்று 1995 ஆகஸ்டில் முடிவை வெளியிட்டார்கள். இரண்டே மாதத்தில் ஃபுளோரன்ஸ் செய்தி வந்தது. சூரியன் போன்ற விண்மீன்களில் சுமார் நூற்றுக்கு ஒன்றுக்குத்தான் இத்தகைய நெருக்கமான பெருங்கோள் உண்டு என்று இப்போது தெரியும். 21 விண்மீன்களில் ஒன்று சிக்காமல் போனதில் வியப்பில்லை. அவர்களுக்குக் கூடுதலாகச் சில நூறு விண்மீன்களும் தொலைநோக்கி நேரமும் கிடைத்திருந்தால் வரலாறு வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும். இந்தத் துறை முழுவதும் அவர்கள் போட்ட பாதையில்தான் நடந்தது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். காமா செஃபெய் என்ற விண்மீனில் 1988-ல் அவர்கள் கண்ட மெல்லிய அசைவு உண்மையிலேயே ஒரு கோளால் ஏற்பட்டது என்று பின்னாளில் உறுதியானது.

கலிஃபோர்னியாவில் ஜெஃப் மார்சியும் பால் பட்லரும் அயோடின் ஆவியை அளவுகோலாகக் கொண்டு 1987 முதல் லிக் வானாய்வகத்தில் நூற்றுக்கு மேற்பட்ட விண்மீன்களைப் பதிவுசெய்து வைத்திருந்தார்கள். அவர்களின் கருவி நுட்பமானது. பதிவுகளைக் கணக்கிட்டு வேக அளவாக மாற்றுவதற்கான கணினி வலு மட்டும் போதவில்லை. கோள்கள் ஆண்டுக்கணக்கில் மெதுவாகச் சுற்றுபவை என்ற நினைப்பு இருந்ததால், உடனே கணக்கிட்டாக வேண்டும் என்ற அவசரமும் தோன்றவில்லை.

எலோடியின் முதல் குளிர்காலம்

தென் பிரான்சின் புரோவான்ஸ் பகுதியில் 'செயின்ட் மிஷேல் லப்சர்வத்வார்' என்று ஒரு சிறு ஊர். அதன் அருகே ஓட்-புரோவான்ஸ் வானாய்வகத்தில் 1.93 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. மேயோரும், மார்செய் வானாய்வகத்தின் ஆந்த்ரே பரானும், அவர்களின் குழுவினரும் அதற்காக எலோடி என்ற நிறமாலைமானியைக் கட்டினார்கள். மேயோருக்கு இரட்டை விண்மீன்களில் பல ஆண்டு அனுபவம். எலோடியைத் தொலைநோக்கியில் பொருத்தாமல், வெப்பம் மாறாத தனி அறையில் வைத்து, ஒளியிழை வழியாக விண்மீன் ஒளியைக் கொண்டுவந்தார்கள். தோரியம் விளக்கின் ஒளி இன்னொரு இழை வழியே கூடவே பதிவாகும். ஆயிரக்கணக்கான கோடுகளின் நகர்வை ஒன்றுதிரட்டிக் கணக்கிடும் மென்பொருளை எழுதியவர் மேயோரின் முனைவர் பட்ட மாணவர் திதியே கெலோ. விண்மீனைப் பதிவுசெய்த சில நிமிடங்களிலேயே அதன் வேகம் திரையில் வந்துவிடும். அந்த உடனடித்தன்மைதான் இந்தக் கதையின் திருப்பம் என்பது என் கருத்து. விடை கைக்கு உடனே வந்தால், நாலு நாளில் மாறும் ஒன்று மாறுவது கண்ணில் படும்.

1994-ல் 142 விண்மீன்களைக் கொண்ட பட்டியலோடு அளவீடு தொடங்கியது. மேயோர் பணிவிடுப்பில் ஹவாய்க்குப் போயிருந்தார். 28 வயது கெலோ கருவியோடு தனியே இருந்தார். பட்டியலில் ஒன்றான 51 பெகாசி ஒவ்வொரு முறையும் வேறு வேகம் காட்டியது. வித்தியாசம் நொடிக்குப் பல பத்து மீட்டர். கருவியின் பிழை அளவோ 13 மீட்டர். கெலோ தன் மென்பொருளைத்தான் முதலில் சந்தேகித்தார், கருவியைச் சந்தேகித்தார். கோள் என்ற எண்ணம் கடைசியில்தான் வந்தது. மீண்டும் மீண்டும் அளந்தபோது வேகம் ஒரு சீரான அலையாக, 4.2 நாளுக்கு ஒருமுறை ஏறி இறங்குவது புலப்பட்டது. நொடிக்கு 59 மீட்டர் வரை, அதாவது மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல், அந்த விண்மீன் இப்படியும் அப்படியும் இழுபட்டுக்கொண்டிருந்தது.

1995 தொடக்கத்தில் அவர் மேயோருக்குத் தகவல் அனுப்பினார். அதற்குள் பெகாசஸ் சூரியனுக்குப் பின்னால் மறையும் காலம் வந்துவிட்டது. அடுத்த ஜூலை வரை அந்த விண்மீனைப் பார்க்க வழியில்லை. இருவரும் வெளியே வாய் திறக்கவில்லை. வான் டி காம்ப்பின் கதையும் லைனின் கதையும் அவர்களுக்குத் தெரியும். கிடைத்த அலையை முன்னே நீட்டி, ஜூலை மாதம் எந்த இரவில் என்ன வேகம் இருக்க வேண்டும் என்று கணக்கிட்டு வைத்தார்கள். ஜூலையில் குடும்பத்தோடு புரோவான்சுக்குப் போய்த் தொலைநோக்கியைத் திருப்பினார்கள். முதல் இரவு கணக்கோடு பொருந்தியது. அடுத்தடுத்த இரவுகளும் பொருந்தின. கேக் வெட்டிக் கொண்டாடினார்கள்.

அதன் பிறகும் அவர்கள் நிதானித்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. விண்மீனின் பரப்பில் உள்ள கரும்புள்ளிகள் சுழன்று வந்தால் இப்படி ஒரு போலி அசைவு தெரியலாம். ஆனால் 51 பெகாசி அமைதியான முதிய விண்மீன், தன்னைத் தானே சுற்ற அதற்கு வாரக்கணக்கில் ஆகும். விண்மீன் விம்மித் தணிந்தாலும் கோடுகள் நகரும். அப்படியானால் ஒளியும் ஏறி இறங்க வேண்டும், அப்படி நடக்கவில்லை. நாம் பார்க்கும் கோணத்தால் ஏமாந்து, கோளுக்குப் பதிலாகக் கனமான மற்றொரு விண்மீனையே கண்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. அதற்கான நிகழ்தகவு மிகக் குறைவு என்பதையும் கணக்கிட்டார்கள். ஒவ்வொரு மாற்று விளக்கத்தையும் தாமே எழுப்பித் தாமே சோதித்த பின்னர், ஆகஸ்ட் 29 அன்று 'நேச்சர்' இதழுக்குக் கட்டுரை போனது. நவம்பர் 23 இதழில் வெளிவந்தது.

ஃபுளோரன்ஸ் அரங்கில் நம்பாதவர்கள் நிறைய இருந்தார்கள். அதே மாநாட்டில் கிளீஸ் 229பி என்ற பழுப்புக் குறுமீன் பற்றிய செய்தியும் வெளியானது. விண்மீனுக்கும் கோளுக்கும் இடைப்பட்ட அந்த வகைப் பொருளையும் வானியலாளர்கள் பல்லாண்டாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு மாநாட்டுக்கு இவ்வளவு பாக்கியம் வாய்ப்பது அரிது. மார்சிக்கும் பட்லருக்கும் நல்வாய்ப்பாகச் சில நாட்களிலேயே லிக்கில் தொலைநோக்கி நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது. அடுத்தடுத்த நான்கு இரவுகள் அளந்தார்கள். அலை அங்கேயும் அப்படியே தெரிந்தது. போட்டியாளர்களின் கண்டுபிடிப்பை உலகுக்கு உறுதிசெய்தவர்கள் அவர்கள்தான். பிறகு தம் பழைய பதிவுகளைத் திறந்து கணக்கிட்டார்கள். 1996 ஜனவரியில் மேலும் இரண்டு கோள்களை அறிவித்தார்கள். அவை ஆண்டுக்கணக்கில் அந்தப் பதிவுகளுக்குள்ளேயே இருந்தவை.

பிறந்த இடம் வேறு

கோள் உண்டு. ஆனால் அது அங்கே எப்படி வந்தது? 51 பெகாசிக்கும் அதன் கோளுக்கும் இடைவெளி 80 லட்சம் கிலோமீட்டருக்கும் குறைவு. சூரியனுக்கும் புதனுக்கும் இடையிலுள்ள தூரத்தில் அது ஏழில் ஒரு பங்குதான். இளம் விண்மீனைச் சூழ்ந்து, கோள்கள் பிறக்கும் வாயுத் தட்டில் அவ்வளவு அருகே பனிக்கட்டி உறையாது. பெருங்கோளின் கருவாகத் திரள அங்கே பொருள் போதாது.

விடையின் ஒரு பாதி ஏற்கெனவே காகிதத்தில் இருந்தது. வாயுத் தட்டுக்குள் பிறக்கும் கோள், தட்டோடு ஈர்ப்பு வழியாக உந்தத்தைப் பரிமாறி இடம்பெயரும் என்று பீட்டர் கோல்ட்ரைக்கும் ஸ்காட் டிரமெய்னும் 1980-ல் கணக்கிட்டிருந்தார்கள். அந்தக் கணிதத்தைப் பொருத்திப் பார்க்க ஒரு கோள் இல்லாததால் அது தூங்கிக்கொண்டிருந்தது. 1996-ல் டக்ளஸ் லின்னும் சக ஆய்வாளர்களும் அதை 51 பெகாசிக்குப் பயன்படுத்தினார்கள். கோள் தொலைவில் பிறந்து, தட்டு உள்நோக்கி வடியும்போது தானும் உள்ளே நகர்ந்து, விண்மீனின் அருகே வந்து நின்றது என்றார்கள். அதே ஆண்டு ஃபிரடெரிக் ரேசியோவும் எரிக் ஃபோர்டும் வேறு வழி சொன்னார்கள். இரண்டு பெருங்கோள்கள் நெருங்கி வந்து ஒன்றையொன்று உந்தித் தள்ள, ஒன்று வெளியே வீசப்படும். மற்றொன்று நீண்ட முட்டைப் பாதையில் விண்மீனை உரசிப் போகும். ஒவ்வொரு முறை உரசும்போதும் அலையேற்ற விசை அதன் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தி, நாளடைவில் பாதையை வட்டமாக்கும்.

இரண்டு வழிக்கும் சான்றுகள் சேர்ந்திருக்கின்றன. 2009-ல் அறிவிக்கப்பட்ட வாஸ்ப்-17பி என்ற கோள், தன் விண்மீன் சுழலும் திசைக்கு எதிராகச் சுற்றுகிறது. அமைதியாகத் தட்டோடு நகர்ந்து வந்த கோள் இப்படித் தலைகீழாக ஓடக் காரணமில்லை, எங்கோ மோதலும் தள்ளுமுள்ளும் நடந்திருக்க வேண்டும். வாஸ்ப்-47 என்ற விண்மீனிலோ ஒரு சூடான வியாழனுக்கு (விண்மீனை ஒட்டிச் சுற்றும் இத்தகைய பெருங்கோள்களுக்கு இதுவே பெயர்) இருபுறமும் சிறு கோள்கள் ஒழுங்காகச் சுற்றுகின்றன. வன்முறை நடந்திருந்தால் அவை பிழைத்திரா. எனவே ஒரே விடை எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்று படுகிறது. இந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

சந்தேகமும் நிழலும்

1997 பிப்ரவரியில் கனடாவின் டேவிட் கிரே, 51 பெகாசிக்குக் கோளே இல்லை என்று 'நேச்சர்' இதழில் எழுதினார். நிறமாலைக் கோடுகளின் வடிவமும் நாலு நாளுக்கு ஒருமுறை மாறுவதாகவும், இது விண்மீனின் உள் அதிர்வு என்றும் அவர் வாதிட்டார். மறுப்புகள் வந்தன. கிரே மேலும் நுட்பமாக அளந்தார். கோடுகளின் வடிவம் மாறவில்லை என்று 1998-ல் அதே இதழில் அவரே எழுதினார். அறிவியலில் நேர்மை எப்படி இருக்க வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்ல நினைப்பவர்கள் இந்த இரண்டு கட்டுரைகளையும் அடுத்தடுத்துப் படிக்கக் கொடுக்கலாம்.

மிச்சமிருந்த சந்தேகத்தை 1999 இலையுதிர்காலத்தில் தீர்த்தது இன்னொரு விண்மீன். எச்டி 209458 என்ற அதுவும் பெகாசஸ் தொகுதியில்தான் இருக்கிறது. அதன் கோள் மூன்றரை நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது. ஹார்வர்டு மாணவர் டேவிட் சார்போனோ, கொலராடோவில் இருந்த வெறும் 10 சென்டிமீட்டர் அகலத் தொலைநோக்கியால் அந்த விண்மீனின் ஒளியை அளந்தார். கணித்த நேரத்தில் ஒளி ஒன்றரை சதவீத அளவுக்கு மங்கி, சில மணி நேரத்தில் மீண்டது. கோளின் நிழல் விழுந்திருந்தது. கிரகரி ஹென்றியும் தனியாக இதையே கண்டார். ஸ்ட்ரூவ 1952-ல் எழுதிய இரண்டாவது வழி நனவானது. நிழலின் ஆழம் கோளின் அகலத்தைத் தந்தது. எடையும் ஏற்கெனவே தெரியும் என்பதால் அடர்த்தி கிடைத்தது. தண்ணீரைவிட லேசான, உப்பிய வாயு உருண்டை. விண்மீனின் ஒளி அந்தக் கோளின் காற்று வழியே கசிந்து வரும்போது சோடியத்தின் தடம் அதில் இருப்பதை ஹப்பிள் தொலைநோக்கி 2001-ல் காட்டியது. புறக்கோள் ஒன்றின் வளிமண்டலத்தை மனிதர் முதலில் அறிந்தது அப்படித்தான்.

51 பெகாசியின் கோள் நமக்கு நேரே தன் விண்மீனைக் கடப்பதில்லை. ஆகவே அதன் அகலம் அளக்கப்படவில்லை. ஆனாலும் சிலியில் உள்ள பெரிய தொலைநோக்கியின் அகச்சிவப்பு நிறமாலையில், விண்மீனின் பேரொளிக்கு நடுவே கோளின் சொந்த மெல்லிய ஒளியைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். அதில் நீராவியின் தடம் இருந்தது. கோள் நொடிக்கு 130 கிலோமீட்டருக்கு மேல் பாய்வதும், அதன் நிறை வியாழனில் ஏறக்குறையப் பாதி என்பதும் அதிலிருந்து உறுதிப்பட்டன. சர்வதேச வானியல் ஒன்றியம் 2015-ல் அதற்கு டிமிடியம் என்றும் விண்மீனுக்கு ஹெல்வெட்டியோஸ் என்றும் பெயர் சூட்டியது.

அங்கே பகல் பக்க வெப்பம் சுமார் 1,000 டிகிரி செல்சியஸ். அலையேற்ற விசை கோளின் சுழற்சியைப் பூட்டியிருக்க வேண்டும். அப்படியானால் ஒரு பாதியில் எப்போதும் நண்பகல், மறுபாதியில் எப்போதும் இரவு, இரண்டுக்கும் நடுவே வெப்பத்தைச் சுமந்தோடும் கடுங்காற்று. நிற்பதற்குத் தரை கிடையாது. அந்த வானத்தில் விண்மீன், நாம் காணும் சூரியனைப் போல இருபது மடங்கு அகலத்தில் தொங்கும். வாஸ்ப்-12பி என்ற இன்னொரு சூடான வியாழனின் ஆண்டு ஒரு நாளுக்குச் சற்று மேல். அந்தச் சுற்றும் ஆண்டுதோறும் 29 மில்லி வினாடி சுருங்கி வருகிறது. சில பத்து லட்சம் ஆண்டுகளில் அது விண்மீனுக்குள் விழுந்துவிடும்.

நம் வியாழனும் நகர்ந்ததா?

51 பெகாசி தந்த அதிர்ச்சி திரும்பி வந்து நம் வீட்டிலேயே விழுந்தது. அங்கே ஒரு கோள் இடம்பெயர்ந்தது என்றால், இங்கே எல்லாம் பிறந்த இடத்தில்தான் இருக்கின்றனவா? 2005-ல் பிரான்சின் நீஸ் நகரை மையமாகக் கொண்ட குழு ஒன்று, வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் நான்கும் நெருக்கமாகப் பிறந்து பின்னர் விலகிப் போயின என்று காட்டும் கணக்கை வெளியிட்டது. 2011-ல் இன்னும் துணிச்சலான கணக்கு ஒன்று வந்தது. வியாழன் இன்றைய செவ்வாயின் பாதை அளவுக்கு உள்ளே இறங்கியது, பின்னால் வந்த சனி அதை இழுத்து வெளியே திருப்பியது என்கிறது அது. செவ்வாய் இத்தனை சிறியதாக இருப்பதை அதனால் விளக்க முடிகிறது. சனி மட்டும் வந்திராவிட்டால் வியாழன் மேலும் உள்ளே போயிருக்கலாம், பூமி திரள்வதற்கான பொருள் சிதறியிருக்கலாம். 50 ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள கோளைப் பற்றிப் படிக்கத் தொடங்கி, கடைசியில் நாம் ஏன் இருக்கிறோம் என்ற கேள்வியில் வந்து நிற்கிறோம்.

கெப்ளர் விண்கலம் 2009 முதல் 2018 வரை நடத்திய கணக்கெடுப்பு இன்னொன்றையும் சொன்னது. பூமிக்கும் நெப்டியூனுக்கும் இடைப்பட்ட அளவுள்ள கோள்கள்தாம் வானில் மிகுதி. அப்படி ஒன்றுகூட நம் சூரியனுக்கு இல்லை. எல்லோருக்கும் அளவுகோல் என்று நாம் வைத்திருந்த குடும்பம், கூட்டத்தில் வழக்கமானதே இல்லை.

மேயோருக்கும் கெலோவுக்கும் 2019-ல் இயற்பியல் நோபல் பரிசின் பாதி கிடைத்தது, மறுபாதி அண்டவியலாளர் ஜேம்ஸ் பீபிள்சுக்கு. அவர்கள் புரோவான்சில் பயன்படுத்திய அதே வழிமுறையால் இந்தியாவிலும் கோள்கள் கண்டறியப்படுகின்றன. அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடம் ராஜஸ்தானின் மவுண்ட் அபுவில் வைத்திருக்கும் 'பாரஸ்' நிறமாலைமானி 1.2 மீட்டர் தொலைநோக்கியோடு இயங்கியது. அபிஜித் சக்ரவர்த்தி தலைமையிலான குழு 2018-ல் தன் முதல் கோளை அறிவித்தது. 2021-ல் அறிவித்த டிஓஐ-1789பி, 51 பெகாசியின் கோளைப் போலவே ஒரு சூடான வியாழன், சுற்றுக்காலம் மூன்று நாளுக்குச் சற்று மேல். இப்போது 2.5 மீட்டர் தொலைநோக்கியில் பாரஸ்-2 வேலை செய்கிறது. இந்தச் செய்திகள் நம் நாளிதழ்களில் சில வரிகளோடு முடிந்துபோவது எனக்கு வருத்தம்.

கெலோ இப்போது எதிர்த்திசையில் புறப்பட்டிருக்கிறார். கனாரித் தீவுகளின் லா பால்மாவில் உள்ள 2.5 மீட்டர் ஐசக் நியூட்டன் தொலைநோக்கிக்காகப் புதிய நிறமாலைமானி ஒன்று உருவாக்கப்பட்டிருக்கிறது. சூரியனைப் போன்ற சில பத்து விண்மீன்களை மட்டும் தேர்ந்தெடுத்து, பருவம் அனுமதிக்கும் ஒவ்வோர் இரவும், பத்தாண்டுக் காலம் அளப்பது அந்தத் திட்டம். தேடப்படுவது நொடிக்கு 9 சென்டிமீட்டர் அசைவு: பூமியின் எடையும் ஓராண்டுச் சுற்றும் கொண்ட ஒரு கோளின் இழுப்பு. எலோடி அன்று கண்ட அலையில் அது அறுநூறில் ஒரு பங்குகூட வராது. விண்மீனின் பரப்பில் கொதிக்கும் வாயுவே அதைவிடப் பல மடங்கு வேகத்தில் ஏறி இறங்குகிறது. அந்தக் கொதிப்பிலிருந்து கோளின் இழுப்பைப் பிரித்தெடுப்பது எப்படி என்பதில்தான் இன்று பல நாடுகளின் ஆய்வாளர்கள் மூழ்கியிருக்கிறார்கள்.